முதற்சுற்றில் யாரோடு யார்?

அத்தியாயம் 14

"செத்த ஆளை வச்சுக்கொண்டு ஒளிச்சு விளையாடலாமே? நெஞ்சிலை ஈரமே இல்லையே உங்களுக்கு?"

"ஆர் வச்சுக்கொண்டிருக்கினம்? ஆள் கிடக்கிறது கனடாவிலை."

"எங்கை கிடந்தாலென்ன! மாமாவின்ரை கூடப்பிறந்த தம்பியெல்லே. போன் கோல் வந்த உடனை எழுப்பிச் சொல்லியிருக்க வேணும்."

"தர்சிகா, மெல்லக் கதை. பின்னேரம் மச். அது முடியுமட்டும் வாயிலை புட்டை அடைஞ்சுகொண்டு இரு."

சுபாஜினி குசினி வாசலில் நின்றாள். கையில் திருவின தேங்காய்ப்பூக் கிண்ணம். அண்ணனும் அண்ணியும் அவளைக் காணவில்லை.

"சித்தப்பாவோ?" என்றாள்.

செந்தூரன் திரும்பினான். அவன் முகத்தில் முதலில் வந்தது எரிச்சல். அது போய்க் கவலை வந்து உட்கார ஒரு நிமிடம் எடுத்தது.

"ஓமடி சுபா. மோசம் போட்டார். நித்திரையிலையாம். விடியச் சித்திதான் எடுத்தவ."

கிண்ணம் சரிந்து தேங்காய்ப்பூ நிலத்தில் கொட்டியது. தர்சிகா குனிந்து அள்ளினாள்.

"அப்பாவுக்கு..."

"அதுதான் யோசிக்கிறன். நெஞ்சிலை ஸ்ரென்ற் வச்ச மனுசன். திடீரெண்டு சொல்லி ஏதும் நடந்தால்? பின்னேரம் டொக்டரையும் கேட்டிட்டு, வீட்டிலை வச்சுப் பக்குவமாய்ச் சொல்லுவம். சித்தியிட்டையும் சொல்லிப்போட்டன், நான் சொல்லுமட்டும் இஞ்சை ஒருதருக்கும் எடுக்க வேண்டாமெண்டு. நீயும் வாயைத் திறக்காதை."

"சின்னண்ணைக்கு?"

"அவனுக்கும் நான் சொல்லுறன்."

இரண்டு வருடமாகப் பேசாத தம்பிக்கு இவன் சொல்லப்போகிறானா? சுபாஜினிக்கு அழுகைக்கு நடுவிலும் அது ஒரு ஆறுதலாக இருந்தது. தலையாட்டினாள்.

செந்தூரன் புட்டில் கதலி வாழைப்பழத்தைப் பிசைந்தான். ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டான்.

"நகர் ரீமுக்கு இண்டைக்கு எத்தினை பேர்?"

"அஞ்சு பேர்தான். மற்றவை கொழும்பிலை."

"அஞ்சு பேர்தான்" என்று திருப்பிச் சொன்னான். இன்னொரு வாய் வைத்தான்.

*

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உடுவில் சோமசேகரத்துக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் செந்தூரன், கூரை ஓட்டுக் கடை முதலாளி, உடுவில் கூடைப்பந்து அணியின் தலைவன், லீக்கின் செயலாளரும் அவனே. இரண்டாமவன் கஜீபன். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு இறுதிப்போட்டியில் செந்தூரன் அவனை ஒரு நிமிடம்கூட இறக்காமல் மைதான ஓர வாங்கிலேயே உட்கார வைத்திருந்தான். புதுப் பெண்சாதியும் அவளுடைய ஆட்களும் பார்க்க வந்திருந்த நாள் அது. கஜீபன் அன்றே அணிச் சேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பட்டணத்தில் மாமியார் வீட்டோடு போனவன். இப்போது நகர் அணிக்கு விளையாடுகிறான்.

கடைக்குட்டி சுபாஜினி. ஞாயிற்றுக்கிழமை லீக்கில் மேசையில் இருந்து ஸ்கோர் எழுதுவது அவள்தான். வெள்ளிக்கிழமைகளில் லீக்கின் பேஸ்புக் பக்கத்தில் 'முதற்சுற்றில் யாரோடு யார்?' என்று கணித்து எழுதுவதும் அவள்தான். அணிகள் ஐந்து. விளையாடுகிறவர்கள் கடைக்காரர்கள், கந்தோர்க்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள். நாலு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகும். முதலாவது நாலாவதோடு மோதும். இரண்டாவது மூன்றாவதோடு.

இந்த வெள்ளிக்கிழமை அவள் எழுதியது இது. வல்வெட்டித்துறை முதலாவது, நகர் இரண்டாவது, உடுவில் மூன்றாவது, குருநகர் நாலாவது. அப்படியென்றால் முதற்சுற்றிலேயே அண்ணனும் தம்பியும்.

பதிவுக்குக் கீழே முதல் ஆளாக வந்து பகிடி விடுவது எப்போதும் கனடாச் சித்தப்பாதான். இந்த முறையும் வந்தார். "பிழை மகள். உடுவில் முதலாவது வரும். நகர் நாலாவது. ஆனால் பொடியள் இரண்டு பேரும் எப்பிடியும் முதற்சுற்றிலை மோதுவாங்கள். நான் நித்திரை முழிச்சுப் பாப்பன்."

சுபாஜினி சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள். அவருக்கு அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

செந்தூரனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த லீக்கில் முதல் தடவை சந்தித்தபோது கடைசி நொடியில் பந்தைக் கூடைக்குள் போட்டு உடுவிலைத் தோற்கடித்தவன் கஜீபன். இன்னொரு தடவை, அதுவும் வெளியேறுகிற போட்டியில், தம்பியிடம் தோற்க அவன் தயாராக இல்லை.

*

பின்னேரம் முதலில் உடுவிலும் வல்வெட்டித்துறையும். அதற்குப் பிறகு நகரும் குருநகரும்.

சோமசேகரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கையில் கச்சான் கடலைச் சரை.

"சுபா, கொண்ணன் இண்டைக்கு வேறை மாதிரி ஓடுறான் பாத்தியே?"

"ஓமப்பா."

வல்வெட்டித்துறையின் உயர்ந்த ஆட்கள் இரண்டு பேர் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார்கள். செந்தூரன் உண்மையிலேயே நன்றாக விளையாடினான். வீட்டில் சாவு என்று தெரிந்த ஒரு மனிதன் அப்படி விளையாடியதை சுபாஜினி அன்றுதான் கண்டாள். பந்து விழுந்த ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தி அப்பாவைப் பார்த்தான். அப்பாவும் கையை உயர்த்தினார்.

அவள் குனிந்து புள்ளியை எழுதினாள்.

"பிள்ளை, ஒரு போட்டோ எடு. தம்பிக்கு அனுப்புவம். கனடாவிலை இப்ப எழும்பியிருப்பான்."

"பேந்து அனுப்புவம் அப்பா."

"பேந்தென்ன பேந்து? நான் அனுப்பிறன்."

அவரே எடுத்தார். அரைவாசி விரல் மறைத்த படம். அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருக்கு, போய்ச் சேரேல்லை. போனை நிப்பாட்டிப்போட்டுக் கிடக்கிறான் போலை, சோம்பேறி."

சுபாஜினி பென்சிலை இறுக்கிப் பிடித்தாள். இப்போதே சொன்னால் என்ன? அந்த நெஞ்சு தாங்குமா? வீட்டுக்குப் போய்ப் பக்குவமாக, பக்குவமாக என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

உடுவில் இரண்டு புள்ளியால் வென்றது. கடைசிக் கூடையைப் போட்டவன் செந்தூரன். பொடியள் அவனைத் தூக்கினார்கள். அவன் இறங்கி, முகம் துடைத்து, ஒரு போத்தல் சோடா முழுவதையும் குடித்தான். அதற்குள் நகர் அணி ஐந்து பேரும் இறங்கிப் பந்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். கஜீபன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றான்.

செந்தூரன் போத்தலை வைத்துவிட்டு நேரே மைதானத்துக்கு நடுவில் போனான்.

"தம்பீ! சித்தப்பா எங்களை விட்டிட்டுப் போட்டாரடா!"

ஊர் முழுக்கக் கேட்கிற குரல்.

கஜீபன் நிமிர்ந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் அவனைக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. விளங்குவதற்கு முன்னமே செந்தூரன் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

"இப்பதான்ரா சித்தி எடுத்தவ. இப்பதான்!"

சுபாஜினி எழும்பினாள். இப்பதானா?

பக்கத்தில் கச்சான் சரை விழுந்தது. சோமசேகரம் வாயைத் திறந்தபடி கதிரையில் இருந்தார். "ஆர்? ஆரெண்டு சொல்லுறான்? என்ரை தம்பியோ?"

இதுதானா பக்குவம்? டொக்டர் எங்கே? வீடு எங்கே? சுபாஜினி அப்பாவின் நெஞ்சைத் தடவினாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவருடைய கண் மட்டும் கையிலிருந்த போனிலேயே நின்றது. அந்த ஒற்றைச் சரி.

நடுவில் இரண்டு அண்ணன்மாரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவன் உண்மையாக.

நகர் அணிக்காரன் அருட்செல்வன் தயங்கித் தயங்கி வந்தான். "கஜீபன், குறை நினையாதை மச்சான். நாலு பேரோடை எங்களாலை தொடங்கேலாது. நீ ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போ. தொடங்கினாப் பிறகு நாலு பேரோடை விளையாடச் சட்டம் விடும்."

கஜீபன் கண்ணைத் துடைத்தான். "நிக்கிறன். ஒரு நிமிசம்தானே. சித்தப்பாவும் அதைத்தான்..."

"என்ன கதை கதைக்கிறாய்?" செந்தூரன் கையை உதறினான். "செத்த வீட்டுத் துடக்குக்காரன் கிறவுண்டிலை கால் வைக்கிறதோ? முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் எங்கடை குடும்பத்திலை ஒருதனும் பந்திலை கை வைக்கமாட்டான். எங்கடை ரத்தமெண்டால் இப்ப வெளியிலை வா."

அவன் உடம்பில் இன்னும் வியர்வை காயவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. சித்தி இப்போதுதானே எடுத்தவ.

குருநகர் அணியின் ஜெறோம் முன்னுக்கு வந்தான். "அண்ணை, எங்களுக்கு உப்பிடி வெல்லத் தேவையில்லை. புதன்கிழமை பின்னேரம் விளையாடுவம். இல்லாட்டில் அடுத்த கிழமை."

"உங்கடை மனசுக்கு நன்றி ஜெறோம். ஆனால் செயலாளரெண்ட முறையிலை என்ரை குடும்பத்துக்காகச் சட்டத்தை மாத்தினனெண்டு நாளைக்கு ஒருதன் சொல்லப்படாது. நேரத்துக்கு அஞ்சு பேர் இல்லையெண்டால் இல்லைத்தான்."

சனங்கள் தலையாட்டினார்கள். இந்தத் துக்கத்திலும் எவ்வளவு நேர்மையான மனிதன் என்று பின்னுக்கு ஒருவர் சொன்னது சுபாஜினிக்குக் கேட்டது.

கஜீபன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அண்ணன் பின்னால் நடந்தான். மிச்சம் நாலு பேரும் பந்தை நடுவில் வைத்துவிட்டு நின்றார்கள். நேரம் முடிந்ததும் நடுவர் விசில் ஊதினார். சுபாஜினி குருநகருக்கு வெற்றி என்று எழுதினாள்.

*

வீட்டுக்கு விளக்கு வைக்கிற நேரம் சனம் வரத் தொடங்கியது. பிரேதம் இல்லாத செத்த வீடு. அழ வந்த பெண்களுக்கு எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. சோமசேகரத்தைப் பார்த்து அழுதார்கள்.

கஜீபன் இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு விறாந்தையில் இருந்தான். பால் இல்லாத தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"சுபா."

"என்ன சின்னண்ணை?"

"ஒவ்வொரு ஞாயிறும் மச் முடிய எனக்குத்தான் முதல் எடுப்பார். எத்தினை போட்டனி எண்டு கேப்பார். அந்தப் பழக்கத்திலை போனைக் கையிலையே வச்சுக்கொண்டிருக்கிறன், பார்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஆனா ஒண்டு. பெரியண்ணை என்னைக் கட்டிப்பிடிச்சவன். பாத்தனிதானே? சித்தப்பா செத்து எங்களைச் சேத்து வச்சிட்டார்."

சுபாஜினியால் அங்கே நிற்க முடியவில்லை. குசினிக்குள் போனாள். போனில் லீக் ஆட்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். 'யாரோடு யார்? எப்ப போடுறீங்கள்?'

நின்றபடியே கணக்குப் பார்த்தாள். ஒருக்கால் பார்த்து, நம்பாமல் இன்னொருக்கால் பார்த்தாள்.

செந்தூரன் உள்ளே வந்தான். பின்னால் தர்சிகா, வெறும் கோப்பைகளோடு.

"சுபா, குருநகரோடைதானே எங்களுக்கு? நகர் நாலாவதாய்ப் போய் வல்வெட்டித்துறையிட்டை அடி வாங்கட்டும்."

"நகர் நாலாவதுதான்."

"பிறகென்ன?"

"வல்வெட்டித்துறை முதலாவதில்லை. நீங்கள்தான் முதலாவது."

"விசர்க்கதை கதையாதை. புள்ளி சமன். அவங்களுக்குத்தானே கோல் வித்தியாசம் கூட."

"அது உதைபந்தாட்டத்திலை அண்ணை. கூடைப்பந்திலை புள்ளி சமனெண்டால், ரெண்டு பேரும் மோதினதிலை ஆர் வெண்டதெண்டுதான் முதல் பாப்பினம். வெள்ளிக்கிழமைப் பதிவிலை எழுதினனான்."

"எங்கை எழுதினனி?"

"கடைசி வரியிலை."

"ஆரடி உதுகளைக் கடைசிமட்டும் வாசிக்கிறது?"

தர்சிகா கோப்பைகளைத் தண்ணீருக்குள் வைத்தாள். "சித்தப்பா வாசிச்சவர்" என்றாள், திரும்பாமல்.

செந்தூரன் சுவரில் கை வைத்து நின்றான். கணக்கு அவனுக்கும் இப்போதுதான் வந்தது. முதலாவது நாலாவதோடு. உடுவில் நகரோடு. அவன் வெல்லாமல் விட்டிருந்தால் தப்பியிருப்பான். தம்பியை விளையாட விட்டிருந்தாலும் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டான். இரண்டையும் ஒரே பின்னேரம் செய்தான்.

"வாற ஞாயிறெல்லே முதற்சுற்று?" தர்சிகா கேட்டாள். "உங்கடை குடும்பத்திலை ஒருதனும் முப்பத்தொண்டு மட்டும் பந்திலை கை வைக்கமாட்டானெண்டு சொன்னியளாம். சங்கக்கடைவரைக்கும் கேட்டதாம். அவன் இல்லாட்டிலும் நகருக்குக் கொழும்பிலையிருந்து ஆள் வரும். நீங்கள் இல்லாட்டில் உங்கடை ரீமிலை ஆர் இருக்கினம்?"

"நீ வாயை மூடு!"

அவன் சுபாஜினியிடம் திரும்பினான். குரல் தாழ்ந்துவிட்டது. "நீ இண்டைக்குப் பதிவு போடாதை. நான் அப்பாவோடை கதைக்கிறன். சித்தப்பாவின்ரை கடைசி ஆசை உந்த மச்செண்டு அப்பாவே வாயாலை சொன்னால் ஊர் ஒண்டும் சொல்லாது. நான் விளையாடுவன்."

"அப்ப சின்னண்ணை?"

"அவன் தானாய் விளையாடமாட்டான். அழுதுகொண்டெல்லே இருக்கிறான்."

அதைச் சொல்லும்போது அவன் வாயோரத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

சுபாஜினி நிமிர்ந்தாள். "நீங்கள் விடியவே தெரிஞ்சுகொண்டு விளையாடினதை நான் அப்பாட்டைச் சொல்லுவன்."

"சொல்லு." அவன் அசையவில்லை. "போய்ச் சொல்லு. அப்பிடியே நீ என்ன செய்தனி எண்டும் சொல்லு. விடியத் தெரிஞ்சும் அவருக்குப் பக்கத்திலை இருந்து ஸ்கோர் எழுதினவள் ஆர்? செத்த தம்பிக்கு அவர் போட்டோ அனுப்பேக்கை பாத்துக்கொண்டிருந்தவள் ஆர்? அங்கை கஜீபன் இருக்கிறான், அவனிட்டையும் சொல்லு. நான் கெட்டவனெண்டு அவனுக்கு முந்தியே தெரியும். உன்னைத்தான் அவன் நம்புறவன்."

தர்சிகா கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள்.

விறாந்தையில் இருந்து குரல் வந்தது.

"சுபா! ஒருக்கா இஞ்சை வா பிள்ளை."

அவள் போனாள். செந்தூரனும் பின்னால் வந்து நிலையில் சாய்ந்துகொண்டான்.

சோமசேகரத்தின் மடியில் போன் கிடந்தது. திரை இன்னும் வெளிச்சமாக இருந்தது. கஜீபன் அவருடைய காலடியில் இருந்தான்.

"இப்பதான் ஜெயகௌரியோடை கதைச்சனான்" என்றார். சித்தியைத்தான் சொன்னார். "அங்கை ராச்சாப்பாடு சாப்பிட்டிட்டுப் போய்ப் படுத்தவனாம். கொஞ்ச நேரத்தாலை இவள் போய்த் தட்டிப் பாத்தால் ஆள் இல்லையாம். உடனை செந்தூரனுக்கு எடுத்துச் சொன்னதெண்டு சொல்லுறாள்."

கிழவர் விரலை மடித்து நேரத்தைக் கணக்குப் பார்த்தார்.

"அங்கை ராத்திரியெண்டால் இஞ்சை விடியக்காலமெல்லே பிள்ளை?"

கஜீபன் மெல்லத் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தான். பிறகு நிலையில் சாய்ந்து நின்ற அண்ணனைப் பார்த்தான். அண்ணனின் சேட்டில் இன்னும் ஏழாம் நம்பர்.

"அவள் அழுகையிலை மாறிச் சொல்லுறாளோ தெரியாது. அதுதான் உன்னைக் கேக்கிறன். நீ பொய் சொல்லமாட்டாய்." கிழவரின் கை அவளுடைய கையைப் பிடித்தது. "கொண்ணனுக்குக் கோல் எப்ப வந்தது?"

செந்தூரன் சுபாஜினியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கஜீபனும் இப்போது அவளைத்தான் பார்த்தான்.

*

வாசகர்களே, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். சுபாஜினி உண்மையைச் சொன்னால் அண்ணனோடு தானும் அகப்படுவாள். அப்பாவும் சின்னண்ணையும் அவளை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் செந்தூரன் வாற ஞாயிறு அப்பாவின் ஆசீர்வாதத்தோடு இறங்குவான், கஜீபன் அதை வெளியே நின்று பார்ப்பான். நீங்கள் அவளுடைய இடத்தில் இருந்தால் அந்தக் கிழவருக்கு என்ன பதில் சொல்லுவீர்கள்? ஒரு வரியானாலும் பரவாயில்லை, ஏன் என்பதையும் சேர்த்து, உங்கள் ஊரையும் போட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.